காது சார்

முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும் அறுபத்திரண்டு பேர் எழுந்து நின்றார்கள். முத்துப்பேச்சிக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வயது முப்பத்துநான்கு. வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கி, வேலைக்குக் காத்திருந்த ஆறு வருஷமும் தூத்துக்குடியில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் உப்பைச் சோதித்துக்கொண்டிருந்தவள். உப்பு எழுந்து நிற்காது, வணக்கம் சொல்லாது, ஆளை மேலும் கீழும் பார்க்காது. இவர்கள் பார்த்தார்கள்.

அப்போதுதான் வலது காதுக்குள் அந்தக் குரல் பேசியது.

“முதல்ல தண்ணி குடிங்க. யாரும் ஓடிப்போயிட மாட்டாங்க. பாடத்தை இப்ப எடுக்க வேண்டாம். பதிவேட்டைத் திறந்து பேர் கூப்பிடுங்க. ஒவ்வொண்ணா, நிதானமா. கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள குரல் தானா திரும்பி வந்துடும்.”

அவள் தண்ணீர் குடித்தாள். பெயர் கூப்பிட்டாள். இருபதாவது பெயருக்குள் குரல் வந்துவிட்டது. அன்றைக்கு அவள் அழாமல் வீடு போய்ச் சேர்ந்தாள் என்றால் அதற்குக் காரணம் காதுக்குள் இருந்த அந்த ஆள்தான்.

அந்த ஆளுக்குப் பல்கலைக்கழகம் வைத்த பெயர் ‘பணித்துணை’. புதிதாகச் சேர்கிற ஆசிரியர்கள் வைத்த பெயர் ‘காது சார்’. சுண்டைக்காய் அளவுக் கருவி. வகுப்பறைக் கேமராக்களில் பல வருஷம் பதிவான ஒரு நல்ல ஆசிரியரின் பாடங்களையெல்லாம் ஒரு கம்பெனி வாங்கி, கருவிக்குக் கரைத்துப் புகட்டி, மேலே இனிமையான வேறொரு குரலை மாட்டி விற்றிருந்தது. அந்த ஆசிரியர் யார், எந்த ஊர் என்பது ரகசியம். இரண்டு வருஷத் தகுதிகாண் பருவம் முடியும்வரை வகுப்பில் அதைக் கழற்றக் கூடாது.

“யார் காதுல புதுசா வச்சாலும் அது முதல் நாள்ல இருந்துதான் ஆரம்பிக்கும். அதனால மாத்தி மாட்டிராதீங்க” என்று சொல்லித்தான் துறைத்தலைவர் ஞானசெல்வம் மேடம் அதை அவளிடம் கொடுத்தார்.

ஒன்றே முக்கால் வருஷத்தில் முத்துப்பேச்சி அதன்மேல் உயிரையே வைத்துவிட்டாள் என்று சொன்னால் மிகையில்லை. கடைசி பெஞ்சில் ஒருவன் தலையாட்டினால், “அவனுக்குப் புரியல. புரிஞ்சவன் அவ்வளவு வேகமா ஆட்ட மாட்டான்” என்று காது சார் சொல்வார். பலகையில் சமன்பாட்டை அவள் தப்பாகப் போட்டால் திட்ட மாட்டார். சாக்பீஸை மேசையில் தட்டுவதுபோல ‘டொக் டொக்’ என்று இரண்டு சத்தம் கேட்கும். “சரி, அதை விட்டுருவோம். முதல்ல இருந்து வருவோம்” என்பார். எத்தனை தடவை அழித்து எழுதினாலும் அதே நிதானம். அவளைப் பெற்ற அப்பாகூட அவளிடம் அவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை.

ஒரே ஒரு குறை இருந்தது. தினமும் அவள் பெயர் கூப்பிடும்போது காது சாரும் மெல்லிய குரலில் எண்களைக் கூடவே சொல்லிக்கொண்டு வருவார். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. அதற்கப்புறம் மூச்சை இழுப்பார். மூன்று விநாடி ஒன்றும் வராது. பிறகு முப்பத்திரண்டில் இருந்து தொடர்வார். அந்த மூன்று விநாடி அவளும் நின்றுவிடுவாள். நிற்க வேண்டுமென்று நினைத்து நிற்பதில்லை, கூட நடக்கிறவர் நின்றால் நாமும் நிற்பதில்லையா, அப்படி. முப்பத்தொன்றாம் எண்காரன் பீட்டர், தன் பெயரை மட்டும் மேடம் யோசித்துக் கூப்பிடுவதாக நினைத்து நெளிவான்.

ஞானசெல்வம் மேடத்திடம் கேட்டபோது அவர் தாளில் இருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“எல்லார் காதுலயும் அப்படித்தான் பேச்சி. கம்பெனிக்காரன்கிட்ட கேட்டாச்சு. பழுது இல்லையாம், மூலத்துலயே அப்படித்தான் இருக்காம். இங்க இருநூறு பேரு அதை மாட்டியிருக்கீங்க, இருநூறு பேரும் முப்பதுக்கு அப்புறம் நிக்கீங்க. ஏன்னு யாருக்குத் தெரியும்?”

அதற்குப் பிறகு அவள் கவனிக்கத் தொடங்கினாள். காலை முதல் பாடவேளையில் நடைபாதையில் நடந்தால் ஒவ்வோர் அறையிலும் பெயர் கூப்பிடும் குரல் ஓடிவரும், ஓர் இடத்தில் நிற்கும், மறுபடி தொடரும். அடுத்த அறை, அதற்கடுத்த அறை. எல்லோரும் வராத யாருக்கோ வழிவிட்டு நிற்கிற மாதிரி இருந்தது. நடையைக் கூட்டி ஆய்வகத்துக்குள் போய்விட்டாள்.

இரண்டாம் வருஷம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது ஆவுடைச்செல்வி வந்தாள். முதுகலை கடைசி வருஷம், நன்றாகப் படிக்கிற பெண். தேர்வு எழுத எழுபத்தைந்து சதவீதம் வருகை வேண்டும். அவளுக்கு எழுபத்துமூன்று.

“செவ்வாக்கிழமை எங்கப்பாவுக்கு டயாலிசிஸ் மேடம். பெரியாஸ்பத்திரியில காலையிலதான் நேரம் தருதாவ. அம்மைக்கு நடக்க முடியாது, நான்தான் கூட்டிட்டுப் போவேன். சில வாரம் மறுநாளும் வர முடியாது. சீட்டெல்லாம் வச்சிருக்கேன், பாக்கீங்களா?”

பார்த்தாள். முப்பத்தெட்டு செவ்வாய்க்கிழமைச் சீட்டுகள், நாள்வாரியாக அடுக்கி நூல் போட்டுக் கட்டியிருந்தாள்.

வருகைக் குறைவுப் பட்டியலில் கடைசிக் கட்டம் ‘ஆசிரியர் பரிந்துரை’. அதில் ஒரு கையெழுத்து விழுந்தால் பெண் தேர்வு எழுதலாம். விழாவிட்டால் ஒரு வருஷம் போகும்.

“எழுத முடியாட்டா என்ன செய்வ?” என்று முத்துப்பேச்சி கேட்டாள்.

“மாமா ஒருத்தர் மாப்பிள்ளை வச்சிருக்காரு மேடம். படிப்பு முடியட்டும்னு சொல்லித்தான் தள்ளிக்கிட்டு வாறேன்” என்றாள் ஆவுடை, சீட்டுக்கட்டைப் பையில் வைத்துக்கொண்டே.

காது சார் பேசினார். எப்போதும்போல இனிமையாகத்தான்.

“போடாதீங்க. ஒருத்தருக்குப் போட்டா அறுபது பேருக்கும் போடணும். பாவம்னு தோணும், எனக்கும் தோணியிருக்கு. ஆனா ஒரு வருஷம் ஒண்ணும் பெரிசில்ல. அடுத்த வருஷம் எழுதிக்கலாம். கண்டிப்பா இருக்கறதும் அவங்க மேல உள்ள அக்கறைதான்.”

விஷயம் இத்தோடு முடிந்தால் பரவாயில்லை. காது சார் சொன்னதில் எத்தனையைக் கேட்டாள், எத்தனையைத் தட்டினாள் என்று மேலிடத்தில் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். பாடம் நடத்துவதில் தட்டினால் மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். விதி சம்பந்தமான ஆலோசனையைத் தட்டினால் தகுதிகாண் பருவம் ஒரு வருஷம் நீளும். இன்னொரு தடவை தட்டினால் வீட்டுக்குப் போகலாம். முத்துப்பேச்சி இதுவரை ஒன்றையும் தட்டியதில்லை. பணி நிரந்தர உத்தரவுக்கு இன்னும் இருபத்தாறு நாள்தான்.

“நாளைக்குச் சொல்லுதேன்” என்று ஆவுடையை அனுப்பினாள். அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் மதியம் பட்டியலை நகலெடுக்கப் பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். கையெழுத்துப் போடாத பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்ட ஐந்து நகல் வேண்டும். துறை ஜெராக்ஸ் இயந்திரம் அவள் சேர்ந்த நாளிலிருந்தே ‘சர்வீஸுக்குச் சொல்லியிருக்கிறது’.

கடைக்காரர் வேலாயுதம் அண்ணாச்சிக்கு ஐம்பது வயது இருக்கலாம். வளவளவென்று பேசாதவர். கேள்வித்தாள் நகலெடுக்கக் கொடுத்தால் அதில் உள்ள பிழையைப் பென்சிலால் வட்டம் போட்டுத் தருவார். படித்த மனுஷன் போலிருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள், அதோடு விட்டுவிடுவார்கள்.

பட்டியலை வாங்கி ஒரு முறை மேலிருந்து கீழே படித்தார். இயந்திரத்தில் வைத்தார். இரண்டாவது நகலில் தாள் சிக்கிக் கசங்கியது. அவர் அதை உருவி எடுத்துப் போட்டுவிட்டு, கையில் இருந்த பேனாவின் அடிப்பாகத்தால் மேசையில் இரண்டு தட்டு தட்டினார்.

“சரி, அதை விட்டுருவோம். முதல்ல இருந்து வருவோம்” என்றார், தனக்குத்தானே.

முத்துப்பேச்சி நிமிர்ந்து பார்த்தாள். குரல் வேறு, இது கரகரத்த குரல். ஆனால் இரண்டு தட்டுக்கு நடுவில் இருந்த இடைவெளி, ‘முதல்ல’ என்ற இடத்தில் சற்று ஏறிய தொனி, எல்லாம் அதே. இந்த இரண்டு வருஷத்தில் நூறு தடவையாவது கேட்டிருப்பாள்.

அப்போதுதான் இன்னொன்றையும் பார்த்தாள். அவள் கேட்டது ஐந்து நகல். இயந்திரம் ஆறு தள்ளியது. ஆறாவதை அவர் எடுத்துச் சத்தமில்லாமல் மேசைக்கு அடியில் வைத்தார்.

“அண்ணாச்சி, முப்பதுக்கு அப்புறம் என்ன?” என்றாள் அவள். வேறு எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை.

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய வலது காதைப் பார்த்தார். கருவி அதில்தான் இருந்தது.

“வகுப்புக்கு வெளிய அதை அணைச்சு வைக்கலாம்ல?”

“அணைச்சுத்தான் வச்சிருக்கேன்.”

“உக்காருங்க மேடம்” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். கடைக் கதவை முக்கால்வாசி இறக்கினார். “முப்பத்தொண்ணு, மாரீஸ்வரன். எங்க ஊர்ப்பக்கம் எல்லாருக்கும் அந்தப் பேருதான். சாத்தூர்ப் பக்கம் ஒரு காலேஜ்ல நான் கெமிஸ்ட்ரி வாத்தியார். பதினாலு வருஷம். பசங்க வாத்தியாருக்குப் போடற மார்க்குல நான்தான் எப்பவும் முதல் ஆளு. அதை வச்சுத்தான் கம்பெனி வந்துச்சு. பெருமையாத்தான் இருந்துச்சு, கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். நம்ம பாடம் நமக்கப்புறமும் இருக்குமேன்னு ஒரு ஆசை.”

“மாரீஸ்வரன்?”

“கடைசி வருஷம். எழுபத்துமூணு சதவீதம். சாயங்காலம் ஒரு பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போவான், வீடு திரும்ப நடுராத்திரி ஆயிடும், காலைல முதல் வகுப்புக்கு வர முடியாது. வந்து நின்னான். என்ன சொன்னேன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

“ஒரு வருஷம் ஒண்ணும் பெரிசில்லன்னு சொன்னீங்க.”

“அதேதான்.” வேலாயுதம் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “ஒரு வருஷம் சும்மா இருக்க முடியுமா? முழுநேர வேலைக்குப் போயிட்டான். கெமிஸ்ட்ரி படிச்ச பையன்னு மருந்து கலக்கற அறையில போட்டிருக்காங்க. பத்தொன்பதாவது நாள் அந்த அறை வெடிச்சுப் போச்சு. செமஸ்டர் முடிய அப்புறம் ஆறு நாள் இருந்துச்சு. அந்த ஆறு நாளும் நான் வகுப்புக்குப் போனேன், பேர் கூப்பிட்டேன். முப்பதுக்கு அப்புறம் என்னால கூப்பிட முடியல.”

வெளியே யாரோ கதவைத் தட்டி “அண்ணாச்சி, பைண்டிங்?” என்றார்கள். “அரை மணி கழிச்சு” என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

“அதுக்கப்புறமும் ரெண்டு வருஷம் அங்கதான் இருந்தேன். வந்து நின்ன பிள்ளைங்க ஒருத்தர் விடாம எல்லாருக்கும் கையெழுத்துப் போட்டேன். யாரு ஏன் வரலன்னு வீட்டுக்கே போயிக் கேட்டேன். பாடம் ஒழுங்கா நடத்த வரல, மார்க்கு விழுந்துருச்சு, வெளிய வந்துட்டேன். கம்பெனி என்ன செஞ்சுச்சு தெரியுமா? மார்க்கு விழுந்த ரெண்டு வருஷத்தையும் தரம் குறைவுன்னு வெட்டி எறிஞ்சுட்டான். அந்த செமஸ்டருக்கு மட்டும் பசங்க முன்னாடியே மார்க்குப் போட்டுட்டாங்க, அதனால அந்த ஆறு நாள் தப்பிச்சு, கடைசிப் பதிவா உள்ள இருக்கு. தப்புப் பண்ணின வேலாயுதம் இருக்கான். தப்புன்னு தெரிஞ்சுக்கிட்ட வேலாயுதம் இல்ல. அந்தத் தப்புப் பண்ணினவன்தான் இருநூறு பேரு காதுல உக்காந்திருக்கான்.”

“எழுதிக் கேக்கலயா?”

“பதினோரு கடுதாசி. அந்தப் பதிவுகள் இப்ப இல்லன்னு பதில். என் பாடத்தையே எடுத்துடுங்கன்னா, வித்தது வித்ததுதான்னு பதில்.” மேசைக்கு அடியில் இருந்து ஒரு கட்டை எடுத்து மேலே வைத்தார். வருகைக் குறைவுப் பட்டியல்கள். நான்கு வருஷத்தவை. எல்லாத் துறையும். “எங்க நான் அதிகம் பேரு காதுல இருக்கேன்னு விசாரிச்சேன். இங்கன்னாங்க. வந்து கடை போட்டேன். இந்தப் பட்டியல் எல்லாம் எப்படியும் ஜெராக்ஸுக்கு வரும்ல. ஒண்ணு எடுத்து வச்சுக்குவேன். தப்புதான். போன் நம்பர் தேடிப் பிடிச்சு, திரும்பச் சேந்தியாப்பான்னு கேப்பேன். யாருங்க நீங்கம்பாங்க. பாதிப் பேரு சேரல.”

முத்துப்பேச்சி கட்டைத் தொடவில்லை. தொட்டால் அதில் எத்தனை பெயர் தன் கையால் போனது என்று தேடத் தோன்றும் என்று பயந்தாள். போன வருஷம் மூன்று பேர். காது சார் சொன்னார், அவள் போடவில்லை. அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கவும் செய்தாள்.

“சார்” என்றாள்.

அவர் முகம் சுருங்கியது. “அண்ணாச்சின்னே சொல்லுங்க மேடம். அந்தப் பேருல வேற ஒருத்தன் இருக்கான்.”

“நான் என்ன செய்யட்டும்?”

“அதை என்கிட்டக் கேக்காதீங்க. இன்னும் ஒருத்தர் காதுக்கு நான் சொல்ல மாட்டேன்.” ஐந்து நகலையும் தட்டி அடுக்கிக் கொடுத்தார். ஆறாவது மேசையிலேயே இருந்தது.

திரும்பிப் போகும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் நினைத்ததெல்லாம் ஆவுடையைப் பற்றி என்று சொன்னால் பொய். உத்தரவைப் பற்றித்தான் நினைத்தாள். திரும்ப அந்த உப்பு, அந்த வெள்ளைக் கோட்டு, ‘இன்னும் காலேஜ்ல கிடைக்கலயா?’ என்று கேட்கும் சொந்தக்காரர்கள். இருபத்தைந்து நாள். யாரும் அவளைக் குறை சொல்லப் போவதில்லை. விதிப்படி நடந்தாள் என்றுதான் சொல்வார்கள்.

ஆவுடை துறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முத்துப்பேச்சி அவளை வெறும் வகுப்பறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள். முந்தின நாள் ஆலோசனை எப்படியும் கணக்கில் இருந்தது, ஒளிந்து போட மனமில்லாமல் கருவியை முடுக்கினாள். பட்டியலை விரித்துப் பேனாவை எடுத்ததுமே காது சார் பேசினார்.

“வேண்டாம்.”

அவள் பேனா மூடியைக் கழற்றினாள்.

“வேண்டாம் முத்துப்பேச்சி. இத்தனை நாள் நான் சொன்னதுல ஏதாவது தப்பாப் போயிருக்கா?”

பாடம் நடத்துவதில் ஒன்றும் தப்பிப் போனதில்லை என்று அவளுக்கே தெரியும். அதுதான் கொடுமை. முதல் நாள் தண்ணீர் குடிக்கச் சொன்னதும் இதே குரல்தான்.

“ஒரு வருஷம் ஒண்ணும் பெரிசில்ல” என்றது குரல்.

“மாரீஸ்வரனுக்குப் பெரிசு சார்” என்று வாய்விட்டே சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

ஆவுடைக்கு ஒன்றும் விளங்கவில்லை. காதுக்குள் ஒரு மூச்சு இழுபட்டது. மூன்று விநாடி, நான்கு, ஐந்து. அதற்கப்புறமும் ஒன்றும் வரவில்லை. அந்தப் பெயரை அது அடையாளம் கண்டதா, இல்லை வெறும் தாளில் விழுந்த கோட்டைப் பதிவு செய்துகொண்டிருந்ததா, அவளுக்குத் தெரியாது.

உத்தரவு சொன்ன நாளில் வந்தது. பணி நிரந்தரம் இல்லை, தகுதிகாண் பருவம் ஓராண்டு நீட்டிப்பு. காரணம்: விதி சார்ந்த ஆலோசனையை மீறியது.

“எதுக்கும்மா உனக்கு இது?” என்றார் ஞானசெல்வம் மேடம். கோபமாகச் சொல்லவில்லை. “அந்தப் பிள்ளை எழுதிட்டுப் போயிரும். நீ இன்னும் ஒரு வருஷம் அதைக் காதுல வச்சிட்டு உக்காரணும். சரி, கோப்புக்கு ரெண்டு நகல் எடுத்துக் குடு.”

அன்று ஆவுடைச்செல்வி மூன்றாவது தாள் எழுதிக்கொண்டிருந்தாள். முத்துப்பேச்சி உத்தரவை எடுத்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனாள்.

வேலாயுதம் படித்தார். மறுபடி படித்தார். இயந்திரத்தில் வைக்கவில்லை.

“என்னாலதான்.”

“இல்ல அண்ணாச்சி. நான் போட்டேன்.”

“போட்டப்ப அது என்ன சொல்லுச்சு?”

“வேண்டாம்னு சொல்லுச்சு. போட்ட பிறகு ஒண்ணும் சொல்லல. முப்பதுக்கு அப்புறம் நிக்குமே, அந்த மாதிரி நின்னுச்சு. நான் அவன் பேரைச் சொன்னேன்.”

அவர் உத்தரவை மேசைமேல் வைத்தார். வெகுநேரம் அதன் மடிப்பையே விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்ல மேடம். நாலு வருஷமா எதிர்ல உக்காந்திருக்கேன். கேக்க பயம்.” கையை நீட்டினார். “குடுங்க.”

மாற்றி மாட்டக் கூடாது என்பது விதி. ஏற்கெனவே ஒன்றை மீறியாயிற்று, இன்னொன்றை மீறினால் வேலை போகலாம். முத்துப்பேச்சி காதில் இருந்து கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துக் கொடுத்தாள்.

அவர் அதை மாட்டிக்கொண்டு, நான்கு வருஷக் கட்டை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டார். கருவி முடுக்கிக்கொண்ட சின்ன ஒளி தெரிந்தது. அதற்கு மேல் அவள் காதில் விழவில்லை. அவர் முகத்தை மட்டும்தான் பார்க்க முடிந்தது.

முதலில் திடுக்கிட்டார். பிறகு, யாரோ சொல்லிக் கேட்கிற பிள்ளைபோல, பக்கத்தில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறந்து இரண்டு மிடறு குடித்தார். பாட்டிலைக் கீழே வைத்தார். கட்டைப் பிரித்தார்.

முதல் நாளின் எந்த வார்த்தை அந்தக் காதுக்குள் போனதென்று முத்துப்பேச்சிக்குத் தெரியும். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

கட்டின் அடியில் மற்றவற்றைவிடப் பழைய தாள் ஒன்று இருந்தது. மஞ்சளாகி, மடிப்பில் ஒட்டுத்தாள் போட்டிருந்தது. இந்த ஊர்ப் பட்டியல் இல்லை அது. வேலாயுதம் அதைத்தான் முதலில் எடுத்தார். தொண்டையைச் செருமினார்.

“முப்பத்தொண்ணு” என்றார். “மாரீஸ்வரன்.”

கூப்பிட்டுவிட்டு, வகுப்பறையில் நின்று பார்ப்பதுபோல நிமிர்ந்து எதிரே பார்த்தார். முத்துப்பேச்சியும் அசையாமல் நின்றாள். தினமும் நிற்கிற அந்த மூன்று விநாடி அவளுக்குப் பழகித்தான் இருந்தது. பிறகு அவர் தாளைக் குப்புறத் திருப்பி வைத்துவிட்டு, அடுத்த தாளை எடுத்து, அதன் முதல் பெயரைக் கூப்பிட்டார்.